மும்பையிலிருந்து ஊருக்குக் காரில்: வழியில் வண்டி நின்றால் என்ன செய்வது?

ஏப்ரல் பிறந்துவிட்டால் செம்பூர், தாராவி, முலுண்ட், டோம்பிவ்லி எங்கே போனாலும் நம் ஆட்களிடம் ஒரே பேச்சுதான்: "டிக்கெட் கிடைச்சுதா?" ரயிலில் 60 நாளுக்கு முன்னால் முன்பதிவு திறக்கிறது. திறந்த கொஞ்ச நேரத்தில் நாகர்கோவில் வண்டியில் வெயிட்டிங் லிஸ்ட் ஓட ஆரம்பித்துவிடும். ஊரில் கோயில் கொடைக்கு நாள் குறித்தாகிவிட்டது, பிள்ளைகளுக்கு லீவு விட்டாகிவிட்டது. சரி, காரிலேயே போய்விடலாம் என்று முடிவெடுக்கிறோம்.

நான் செம்பூரிலிருந்து பாளையங்கோட்டைக்கு ஏழு முறை ஓட்டிப் போய் வந்திருக்கிறேன். அதில் இரண்டு முறை வண்டி வழியில் நின்றது. முதன்முதலாக இந்த வழியில் கிளம்புபவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் எந்த ஹோட்டலில் தங்கலாம், எங்கே சாப்பாடு நன்றாக இருக்கும் என்பதுதான். அதையும் சொல்கிறேன். ஆனால் வண்டி நின்றால் என்ன செய்வது என்பதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு நீங்கள் மெக்கானிக்காக இருக்க வேண்டியதில்லை. எங்கே நிறுத்த வேண்டும், எப்போது அதற்கு மேல் ஓட்டக் கூடாது என்று தெரிந்திருந்தால் பெரும்பாலான ஆபத்து விலகிவிடும்.

வழியும் நாள் கணக்கும்

செம்பூரிலிருந்து வாஷி பாலம், கலம்போலி, அங்கிருந்து மும்பை–புனே எக்ஸ்பிரஸ்வே. மாட்டுங்கா, தாதர் பக்கம் இருப்பவர்கள் சிவ்ரியில் அடல் சேது கடல் பாலத்தில் ஏறிக்கொள்ளலாம். புனேயைத் தாண்டியதும் 48-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை: சாத்தாரா, கோலாப்பூர், நிப்பானி, பெலகாவி, ஹுப்ளி, தாவணகெரே, சித்ரதுர்கா, தும்கூர். பெங்களூரு ஊருக்குள் நுழையவே வேண்டாம். தும்கூர் ரோட்டில் மாதவாரா அருகே நைஸ் ரோட்டில் ஏறி எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் இறங்கினால் ஓசூர் ரோடு வந்துவிடும். அப்புறம் 44-ஆம் எண் சாலையில் கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை, கோவில்பட்டி, நெல்லை. மொத்தம் சுமார் 1,600 கிலோமீட்டர்.

இதை மூன்று நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் நாள் ஹுப்ளி, இரண்டாம் நாள் சேலம், மூன்றாம் நாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு. "நான் 24 மணி நேரத்தில் போய்விட்டேன்" என்று சொல்பவர்கள் இருப்பார்கள். குடும்பத்தோடு போகிறவர்கள் அந்தப் பேச்சைக் கேட்க வேண்டாம். இருட்டிய பிறகு இந்தச் சாலையில் பெரிய ஆபத்து, பின்விளக்கு எரியாமல் ஓரத்தில் நிற்கும் லாரிதான். எதிரே வரும் வெளிச்சம் கண்ணில் படும்போது அது தெரியவே தெரியாது. காலை நாலரைக்குச் செம்பூரைவிட்டுக் கிளம்பி, மாலை ஏழுக்குள் தங்குமிடம் சேர்ந்துவிட வேண்டும்.

ஃபாஸ்டாகில் பணம் இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். தேசிய நெடுஞ்சாலைகளுக்கு வருடாந்திர பாஸ் இருக்கிறது. 2025 ஆகஸ்ட் 15-ல் 3,000 ரூபாய்க்கு, 200 டோல் கடப்பு அல்லது ஒரு வருடம் என்று தொடங்கினார்கள். ஊருக்கு ஒருமுறை போய்வந்தாலே அதில் நல்ல பங்கு கழிந்துவிடும். ஆனால் மும்பை–புனே எக்ஸ்பிரஸ்வேயிலும் நைஸ் ரோட்டிலும் அது செல்லாது. அங்கே வழக்கம்போல் ஃபாஸ்டாகிலிருந்துதான் பணம் போகும்.

கிளம்புவதற்குப் பத்து நாள் முன்னால்

முதல் நாள் சாயங்காலம் சர்வீஸ் விட்டு மறுநாள் கிளம்பாதீர்கள். பத்து நாள் முன்னால் விடுங்கள். சர்வீஸில் எதையாவது சரியாக மாட்டாமல் விட்டிருந்தால், அந்தப் பத்து நாளில் ஆபீஸ் போய்வரும்போதே அது தெரிந்துவிடும்.

சர்வீஸ் பில்லில் டிக் போட்டிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். எதிரே நின்று ஐந்து விஷயங்களைக் காட்டச் சொல்லுங்கள்: ரேடியேட்டர் ஹோஸ், ஃபேன் பெல்ட், பிரேக் பேட், பேட்டரி, கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) அளவு. ஹோஸை எஞ்சின் ஆறியிருக்கும்போது நீங்களே விரலால் அழுத்திப் பாருங்கள். நல்ல ஹோஸ் அமுங்கி உடனே நிமிரும். பழையது ஒன்று கல்லாக இறுகியிருக்கும், இல்லையென்றால் ஊறிப்போன அப்பளம் மாதிரி கொழகொழவென்று இருக்கும். இரண்டுமே மாற்ற வேண்டியவை.

டயரைப் பற்றி ஒன்று. மும்பையில் மாதம் 300 கிலோமீட்டர் ஓடும் வண்டியின் டயர் பார்க்கப் புதிது மாதிரியே இருக்கும், ஆனால் ரப்பருக்கு வயதாகியிருக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் ஒரு சின்ன வட்டத்துக்குள் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-ஆவது வாரம் தயாரித்தது. ஆறு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் மே மாத வெயிலில் இந்தத் தூரத்துக்கு அதை நம்ப மாட்டேன். காற்று குறைந்த டயர்தான் நெடுஞ்சாலையில் சூடாகி வெடிக்கிறது. எத்தனை காற்று என்று டிரைவர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஸ்டிக்கர் இருக்கும், முழு லோடுக்குத் தனி அளவு போட்டிருப்பார்கள். காலையில், டயர் சூடாகும் முன்னால், அந்த அளவுக்குப் பிடியுங்கள். ஸ்டெப்னிக்கும் சேர்த்துத்தான். அதை வருடக்கணக்கில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

மும்பையில் நிறைய பேர் சி.என்.ஜி. வண்டி வைத்திருக்கிறோம். சிலிண்டருக்கு மூன்று வருடத்துக்கு ஒருமுறை சோதனை செய்த சான்று இருக்க வேண்டும். வழியில் சி.என்.ஜி. கிடைக்கும், ஆனால் வரிசை நீளம். அதனால் பெட்ரோல் டேங்கை நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள். கிளம்பும் முன் இரண்டு நாள் பெட்ரோலிலேயே ஓட்டிப் பாருங்கள். மாதக்கணக்கில் பெட்ரோலைத் தொடாத வண்டி அப்போது முரண்டு பிடித்தால் வீட்டுப் பக்கத்திலேயே சரிசெய்துவிடலாம். இன்னொன்று, டிக்கியில் சிலிண்டர் இருப்பதால் ஸ்டெப்னியும் ஜாக்கியும் எங்கே ஒளிந்திருக்கின்றன, எதைக் கழற்றினால் வெளியே வரும் என்று வீட்டிலேயே ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

ஆர்.சி., லைசென்ஸ், இன்சூரன்ஸ், புகைச் சான்று நான்கும் டிஜிலாக்கரில் இருந்தால் போதும், செல்லும். போனில் சார்ஜ் தீர்ந்தால் என்ன செய்வது என்று நான் ஜெராக்ஸும் வைத்துக்கொள்வேன். ஊரில் வாங்கிய டி.என். நம்பர் வண்டியோடு மும்பைக்குக் குடிவந்தவர்கள் கவனிக்க: 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வண்டி இருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம்.

இன்சூரன்ஸில் ரோடு சைடு அசிஸ்டன்ஸ் சேர்த்திருக்கிறீர்களா என்று பாருங்கள். சேர்த்திருந்தால் போன் போட்டு இரண்டு கேள்வி கேளுங்கள். எத்தனை கிலோமீட்டர் வரை வண்டியை இலவசமாகத் தூக்கிப் போவீர்கள்? கர்நாடகத்தில் சின்ன ஊர்ப் பக்கம் நின்றாலும் ஆள் வருமா?

டிக்கியில் கட்டாயம் இருக்க வேண்டியவை

ஊருக்குக் கொண்டுபோகும் சாமானுக்கு அடியில் இவற்றைப் புதைத்துவிடாதீர்கள். எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, டிக்கியைத் திறந்ததும் கைக்கு வரும்படி வையுங்கள். ஒளிரும் முக்கோணப் பலகை, டார்ச், ஜாக்கி, வீல் ஸ்பானர், ஜம்பர் கேபிள், சிகரெட் லைட்டர் குழியில் செருகும் காற்றடிக்கும் மெஷின், ட்யூப்லெஸ் பஞ்சர் கிட், கனத்த பழைய துண்டு, ஸ்க்ரூ டிரைவர், ஒரு கத்தி, இரண்டு ஹோஸ் கிளாம்ப், ஒரு லிட்டர் கூலன்ட். அதோடு ஐந்து லிட்டர் கேனில் தண்ணீர், குடிக்க வைத்திருக்கும் தண்ணீருக்கு மேல் தனியாக. பாதி செங்கல் அளவில் இரண்டு மரக்கட்டை, சக்கரத்துக்கு அண்டை கொடுக்க.

வண்டி நின்றுவிட்டது: முதல் ஐந்து நிமிடம்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டி திணறுகிறது, மீட்டரில் சிவப்பு விளக்கு எரிகிறது, டயர் டப டபவென்று அடிக்கிறது. உடனே பிரேக்கை மிதித்து நிற்கத்தான் மனது சொல்லும். நிற்காதீர்கள். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஹேசர்ட் லைட்டைப் போட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, வேகம் தானாகக் குறையும்போது இடப்பக்கம் ஒதுங்குங்கள். இன்னும் கொஞ்சம் உருண்டு போனால் ஒரு பங்க்கோ, டோல்கேட்டோ, அகலமான ஓரமோ கிடைக்குமா என்று பாருங்கள். பஞ்சரான டயரோடு மெதுவாக 200 மீட்டர் உருட்டினால் டயர் வீணாகும், அவ்வளவுதான். வளைவிலோ மேம்பாலத்தின் மேலோ நின்றால் உயிருக்கு ஆபத்து.

நின்றதும், வண்டிக்கு என்ன ஆயிற்று என்று பார்க்கும் முன் ஆட்களை இறக்குங்கள். எல்லாரும் இடப்பக்கக் கதவு வழியாக. தூங்கும் குழந்தையையும் எழுப்பித் தூக்கிக்கொள்ளுங்கள். சாலையோரத் தகரத் தடுப்பைத் தாண்டி அந்தப் பக்கம் போய், வண்டிக்குக் கொஞ்சம் பின்னால், அதாவது போக்குவரத்து வரும் திசையில் தள்ளி நிற்க வேண்டும். வண்டிக்கு முன்னால் நிற்கக் கூடாது; பின்னாலிருந்து ஏதாவது வந்து மோதினால் நம் வண்டியே நம் மேல் வரும். வெயில் அடிக்கிறதே, ஏ.சி. போட்டு உள்ளேயே உட்காரட்டும் என்று பெரியவர்களை விட்டுவிடுகிறோம். நூறு கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு வினாடியில் ஏறக்குறைய 28 மீட்டர் கடக்கிறது. அதன் டிரைவர் ஒரு தடவை போனைக் குனிந்து பார்த்து நிமிர்வதற்குள் உங்கள் வண்டி வந்துவிடும்.

அப்புறம் முக்கோணப் பலகை. வண்டிக்குப் பின்னால் குறைந்தது 70 காலடி எடுத்துவைத்து நடந்து போய் வையுங்கள், எக்ஸ்பிரஸ்வேயில் அதைவிடத் தள்ளி. நடக்கும்போது தடுப்புக்கு அந்தப் பக்கமே நடங்கள், பலகையை முன்னால் பிடித்துக்கொள்ளுங்கள். லாரிக்காரர்கள் மரக்கிளை ஒடித்துப் போட்டுக் கல் வைப்பார்கள். அந்தக் கல்லை எடுக்காமல் போய்விடுவதும் உண்டு, ராத்திரியில் அது இன்னொருவர் டயரில் ஏறும். நீங்கள் எதை வைத்தாலும் கிளம்பும்போது எடுத்துவிடுங்கள்.

இப்போது போன். தேசிய நெடுஞ்சாலையில் 1033 அடியுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள். ரோந்து வண்டி, கிரேன், ஆம்புலன்ஸ் எல்லாம் அதன் வழியாக வரும். மும்பை–புனே எக்ஸ்பிரஸ்வே மாநில அரசு நிறுவனத்தின் கையில் இருப்பது, அதன் உதவி எண் சாலையோரப் பலகைகளில் இருக்கும். அடிபட்டிருந்தால் 112 அல்லது 108. எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்பார்கள். "சித்ரதுர்கா தாண்டி" என்று சொன்னால் அவர்களால் கண்டுபிடிக்க முடியாது. சாலையோரக் கிலோமீட்டர் கல்லைப் பாருங்கள், நடுவில் 200 மீட்டருக்கு ஒரு சின்னக் கல் இருக்கும். அந்த எண்ணையும், எந்த ஊரை நோக்கிப் போகும் பக்கம் நிற்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

எஞ்சின் சூடானால்

2022 மே மாதம். நிப்பானி தாண்டி தவந்தி காட் (மலைச்சாலை) ஏறிக்கொண்டிருந்தோம். வண்டியில் நான், மனைவி, அம்மா, ஆறு வயது மகள். ஏ.சி. முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று ஏ.சி.யில் குளிர் குறைந்தது. "காத்து சூடா வருதுடா" என்று அம்மா சொன்னார். மேலே ஏறியதும் சரியாகிவிடும் என்று நினைத்தேன். மூன்று நான்கு நிமிடம் கழித்துத்தான் மீட்டரைப் பார்த்தேன். எப்போதும் நடுவில் நிற்கும் எஞ்சின் வெப்ப முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. கூடவே வெல்லப்பாகு கருகுவது மாதிரி ஒரு வாசனை. பானட் இடுக்கிலிருந்து ஆவி வந்தது.

ஏ.சி.யில் குளிர் குறைந்த அந்த நிமிடமே நான் மீட்டரைப் பார்த்திருக்க வேண்டும். முள் நடுக்கோட்டைத் தாண்டினாலே முதல் வேலை ஏ.சி.யை அணைத்து ஹீட்டரை முழுதாகத் திருப்புவது. மே மாதத்தில் ஹீட்டரா என்று தோன்றும். ஆனால் எஞ்சினின் சூட்டில் ஒரு பகுதியை அது கேபினுக்குள் இழுத்துக்கொள்ளும், ஒதுங்க இடம் தேட இரண்டு நிமிட அவகாசம் கிடைக்கும். கண்ணாடிகளை இறக்கிக்கொள்ளுங்கள். முள் சிவப்பைத் தொட்டால் அதற்கு மேல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள். அந்த ஒரு கிலோமீட்டரில் எஞ்சினின் மேல்பாகத்தை அடைக்கும் ஹெட் கேஸ்கெட் போகும், ஹெட் என்னும் அந்த மேல்பாகமே வளைந்துவிடும். சில நூறு ரூபாய் ஹோஸில் முடிய வேண்டியது பல ஆயிரத்தில் போய் நிற்கும்.

ஓரமாக நிறுத்திவிட்டுத் துண்டைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனேன். தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து அம்மா, "தள்ளி நில்லுடா, ஆவி அடிக்கும்!" என்று கத்தினார். கொஞ்சம் முன்னால் ஒரு நாமக்கல் லாரி நின்றிருந்தது. டிரைவர் கையில் இரும்புக் கம்பியோடு ஒவ்வொரு டயராகத் தட்டிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தார். தமிழ்ச் சத்தம் காதில் விழுந்ததும் திரும்பிப் பார்த்து ஓடிவந்தார்.

"தம்பி, மூடியத் தொட்டுறாதீங்க. மூஞ்சி வெந்துரும்ங்க. ஆறட்டும்."

"எவ்வளவு நேரம் ஆகும் அண்ணாச்சி?"

"முக்கால் மணி நேரம் ஆகட்டும்ங்க. பானட்ட மட்டும் தூக்கி விடுங்க. தண்ணி எதும் ஊத்திறாதீங்க, எஞ்சின் விரிசல் விட்டுரும்."

அவர் சொன்னதன் காரணம் எளிது. உள்ளே கூலன்ட் அழுத்தத்தில் இருக்கிறது. அழுத்தம் இருப்பதால்தான் நூறு டிகிரி தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடியைத் திறந்தால் அழுத்தம் விடுபட்டு அத்தனையும் ஒரே நொடியில் கொதித்து வெளியே பாயும். சுட்ட இரும்பில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் அது சட்டென்று சுருங்கி விரிசல் விடும்.

முக்கால் மணி நேரம் கழித்து அவரே துண்டைப் போட்டுக் கால் சுற்று திருப்பினார். உஸ்ஸென்று காற்றுப் போனது. அது நிற்கும்வரை கையை எடுக்காமல் காத்திருந்து முழுதாகத் திறந்தார். உள்ளே சொட்டுக்கூட இல்லை. மேல் ஹோஸ், ரேடியேட்டரில் மாட்டும் நுனியில், கிளாம்ப்புக்குப் பக்கத்தில் கட்டைவிரல் நக அளவுக்குக் கிழிந்திருந்தது. ஒரு வாரம் முன்னால் சர்வீஸ் பில்லில் "ஹோஸ் செக்" என்று டிக் போட்டிருந்தார்கள். கிளாம்ப் மேல் படிந்த புழுதியைப் பார்த்தாலே தெரிந்தது, அதை யாரும் தொடவில்லை என்று.

கிழிந்த நுனியை இரண்டு விரற்கடை அளவுக்குக் கத்தியால் வெட்டிவிட்டு, மீதி ஹோஸை இழுத்து மாட்டிக் கிளாம்ப்பை இறுக்கினார். நாலு லிட்டர் தண்ணீர் பிடித்தது. ஸ்டார்ட் செய்து, மூடி திறந்தபடியே சிறிது நேரம் ஓடவிட்டு, குமிழ் வந்து தண்ணீர் இறங்கியதும் இன்னும் ஊற்றி மூடினார். பணம் நீட்டினேன், வாங்கவில்லை. அம்மா கட்டிவைத்திருந்த எலுமிச்சம்பழச் சாதத்தில் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டார். 60 வேகத்தில், ஏ.சி. இல்லாமல், முள்ளையே பார்த்துக்கொண்டு பெலகாவி வரை போனோம். அங்கே புது ஹோஸ் 640 ரூபாய். வெறும் தண்ணீரை வடித்துவிட்டுப் புதுக் கூலன்டும் ஊற்றிக்கொண்டோம். அவசரத்துக்குத் தண்ணீர் ஊற்றலாம், ஆனால் அப்படியே விட்டுவிட்டால் உள்ளே துரு பிடிக்கும்.

ஒழுக்கே இல்லாமல் சூடாகிறது என்றால் ரேடியேட்டர் ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். சாலையில் ஓடும்போது சரியாக இருந்து, டோல்கேட் வரிசையில் நிற்கும்போது மட்டும் முள் ஏறினால் பெரும்பாலும் ஃபேன், அதன் ஃபியூஸ், அல்லது ரிலே. ஃபியூஸ் என்றால் நீங்களே மாற்றிவிடலாம், பெட்டி மூடியின் உட்புறத்தில் எது எதற்கு என்று படம் போட்டிருக்கும்.

பஞ்சர்

ட்யூப்லெஸ் டயரில் ஆணி ஏறியிருந்து காற்று மெதுவாக இறங்கினால் ஆணியைப் பிடுங்காதீர்கள். காற்றை ஏற்றிக்கொண்டு அடுத்த பஞ்சர் கடை வரை போய்விடலாம். டோல்கேட், பங்க், லாரி நிற்கும் தாபா பக்கம் கட்டாயம் ஒரு கடை இருக்கும். மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் நான் நின்ற பஞ்சர் கடைகள் பலவற்றில் மலையாளிகள் இருந்தார்கள், தமிழிலேயே பேசிக்கொள்ள முடிந்தது.

ஸ்டெப்னி மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் தரை சமமாகவும் கெட்டியாகவும் இருக்கும் இடம் வேண்டும். வலப்பக்க டயர் என்றால், உங்கள் முதுகு போக்குவரத்துப் பக்கம் இருக்கும். ஓரம் அகலமாக இல்லாவிட்டால் அங்கே உட்காரவே உட்காராதீர்கள். 1033-க்குச் சொல்லிக் காத்திருங்கள், அல்லது மெதுவாக உருட்டிக்கொண்டு அகலமான இடத்துக்குப் போங்கள். ஹேண்ட் பிரேக், முதல் கியர், எதிர் மூலைச் சக்கரத்துக்கு மரக்கட்டை அண்டை. ஜாக்கி வைக்கும் முன்னாலேயே, சக்கரம் தரையில் இருக்கும்போதே, நட்டுகளை அரைச் சுற்று இளக்குங்கள். கை பலம் போதாவிட்டால் ஸ்பானர் மேல் காலை வைத்து அழுத்துங்கள். அப்புறம் கதவுக்கு அடியில் இரண்டு வெட்டுக் குறி இருக்கும் இடத்தில் ஜாக்கி. கழற்றிய சக்கரத்தை வண்டிக்கு அடியில் தள்ளிவையுங்கள், ஜாக்கி சரிந்தாலும் வண்டி அதன் மேல் உட்காரும். புதுச் சக்கரத்தை மாட்டி நட்டுகளை எதிரெதிராக இறுக்கி, இறக்கிய பிறகு மறுபடி முழு பலத்தோடு இறுக்குங்கள். 50 கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு முறை. ஸ்டெப்னி சின்ன அளவாக இருந்தால் 80-க்கு மேல் போகாதீர்கள்.

ஏற்றத்தில் கிளட்ச், இறக்கத்தில் பிரேக்

கண்டாலா காட்டிலும் சாத்தாராவுக்கு முன்னால் கம்பட்கி காட்டிலும் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஏற வேண்டியிருக்கும். அரைக் கிளட்சிலேயே வண்டியைப் பிடித்து நிறுத்தாதீர்கள், ஹேண்ட் பிரேக் போடுங்கள். கிளட்ச் கருகும் வாசனை வந்தால் ஒதுங்கி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். எக்ஸ்பிரஸ்வேயில் காருக்குச் சமதளத்தில் 100, மலைச்சாலையில் 60தான் வேகம், கேமரா இருக்கிறது.

தமிழ்நாட்டுக்குள் வந்தாயிற்று என்று மனது தளரும் இடத்தில்தான் தொப்பூர் கணவாய் வருகிறது. தர்மபுரியிலிருந்து சேலம் பக்கம் இறங்கும்போது நீண்ட சரிவு, இரட்டைப் பாலம் பகுதியில் பிரேக் பிடிக்காத லாரிகளால் எத்தனையோ விபத்துகள் நடந்திருக்கின்றன. சரிவு தொடங்கும் முன்னாலேயே மூன்றாவது கியருக்கு வந்துவிடுங்கள், ஏறினால் எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதில் இறங்குங்கள். எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பெட்ரோல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் உருட்டுவது உயிரோடு விளையாடுவது. பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்கினால் பேட் சூடாகி, மிதித்தாலும் பிடிக்காத நிலை வரும். பின்னால் கனத்த லாரி வந்தால் அதற்கு முன்னால் இறங்க வேண்டாம், ஒதுங்கி அதைப் போகவிடுங்கள்.

செல்ஃப் எடுக்காவிட்டால்

எனக்கு இரண்டாவது முறை நடந்தது இதுதான், ஹுப்ளி லாட்ஜில் காலை ஐந்து மணிக்கு. சாவியைத் திருப்பினால் டக் டக் என்று மட்டும் சத்தம், டேஷ்போர்டு விளக்குகள் மங்கின. பேட்டரிக்கு நாலு வயது முடிந்திருந்தது. பக்கத்தில் நின்ற கார்க்காரரிடம் கேட்டு ஜம்பர் கேபிள் போட்டோம். வரிசை முக்கியம்: சிவப்பை முதலில் நம் பேட்டரியின் பிளஸ்ஸில், மறுமுனையை அவர் பிளஸ்ஸில்; கறுப்பை அவர் மைனஸில், கடைசி முனையை நம் எஞ்சினில் பெயின்ட் இல்லாத இரும்பில், பேட்டரியை விட்டுத் தள்ளி. அவர் வண்டி ஐந்து நிமிடம் ஓடட்டும், பிறகு நம் சாவி. ஸ்டார்ட் ஆனதும் போட்ட வரிசைக்கு எதிர் வரிசையில் கழற்றுங்கள். அதற்குப் பிறகு பேட்டரிக் கடை வரை எஞ்சினை அணைக்காதீர்கள்.

ஓடும்போதே பேட்டரி விளக்கு எரிந்தால் அது வேறு கதை. பெல்ட் அறுந்திருக்கலாம், பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் போயிருக்கலாம். பெல்ட் அறுந்தால் பல வண்டிகளில் தண்ணீர் பம்ப்பும் நின்று எஞ்சின் சூடாகிவிடும், அதனால் உடனே ஒதுங்குங்கள். ஆட்டோமேட்டிக் வண்டியைக் கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள், கியர்பாக்ஸ் போய்விடும். முழு வண்டியையும் மேலே ஏற்றிக்கொள்ளும் பிளாட்பெட் லாரிதான் வேண்டும் என்று போனிலேயே சொல்லிவிடுங்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை போகிறவர்களுக்கு ஒன்று மட்டும்: தேங்கிய தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே செய்யாதீர்கள். எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருந்தால் ஒரே திருப்பில் உள்ளே உள்ள ராடு வளைந்துவிடும். தள்ளி வெளியே எடுத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

மெக்கானிக்கிடம் பேச

கோலாப்பூர் வரை மராத்தி: "காடி பந்த் பட்லி. மெக்கானிக் குடே மிளேல்?" நிப்பானிக்கு அப்பால் கன்னடம்: "காடி கெட்டோகிதெ. மெக்கானிக் எல்லித்தாரெ?" இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான்: "வண்டி நின்றுவிட்டது, மெக்கானிக் எங்கே?" இந்தியும் பெரும்பாலும் எடுபடும். இருந்தாலும் அவர்கள் மொழியில் ஒரு வாக்கியம் பேசினால் ஆள் முகமே மாறும், வேலையும் வேகமாக நடக்கும்.

வேலையைத் தொடும் முன் கூலி எவ்வளவு, சாமான் எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்கி டிக்கியில் போட்டுக்கொள்ளுங்கள், ஊரில் நம் மெக்கானிக்கிடம் காட்டலாம். ஓடும் வண்டிக்குப் பக்கத்தில் பைக்கில் வந்து "ஆயில் ஒழுகுது, சக்கரம் ஆடுது" என்று கை காட்டினால் ஆளில்லாத இடத்தில் நிறுத்தாதீர்கள். மீட்டரில் விளக்கு எதுவும் எரியாமல், வண்டி ஒழுங்காக ஓடினால், வெளிச்சமான அடுத்த பங்க் வரை போய் இறங்கிப் பாருங்கள்.

விபத்தில் சிக்கிய வேறு யாரையாவது பார்த்தால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டியிருக்குமோ என்று தயங்க வேண்டாம். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவு, உதவி செய்பவருக்குப் பாதுகாப்புத் தருகிறது. பெயரைச் சொல்லும்படிகூடக் கட்டாயப்படுத்த முடியாது.

சாப்பாடு என்று கேட்டீர்களே: தாவணகெரேயில் பென்னெ தோசை. இரண்டாம் நாள் காலை ஹுப்ளியிலிருந்து ஆறுக்குக் கிளம்பினால் டிபன் நேரத்துக்கு அங்கே இருப்பீர்கள். வண்டி நிற்கும் அந்த அரை மணி நேரத்தில் டயர்களைச் சுற்றி வந்து ஒருமுறை தொட்டுப் பாருங்கள். மற்ற மூன்றைவிட ஒன்று மட்டும் அதிகம் சுட்டால் அதில் காற்றுக் குறைந்திருக்கும், இல்லையென்றால் அந்தச் சக்கரத்தில் பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கும்.

திரும்பி வரும்போது

ஊரில் பத்து நாள் கொடை, கல்யாணம் என்று ஓடியிருக்கும், கிளம்பும் அன்று வண்டியில் அரிசி மூட்டை, தேங்காய், கருப்பட்டி எல்லாம் ஏறியிருக்கும். டயருக்கு முழு லோடு அளவுக்குக் காற்றுப் பிடியுங்கள். கூலன்ட், ஆயில் அளவைக் காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது பாருங்கள். போகும்போது இருந்ததைவிடக் குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது, அதைச் சரிசெய்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

கடைசி நாள், புனே நெருங்கும்போது கவனம். காத்ரஜ் புதுச் சுரங்கத்தைத் தாண்டி நவலே பாலம் வரை நீண்ட இறக்கம். பின்னால் வரும் கனத்த வண்டிகள் பிரேக் பிடிக்காமல் வரிசையாக மோதிய விபத்துகள் அங்கே திரும்பத் திரும்ப நடந்திருக்கின்றன. நான் அங்கே இடப்பக்கமே ஒதுங்கி, கண்ணாடியில் பின்னால் வருவதைப் பார்த்துக்கொண்டு, மூன்றாவது கியரில்தான் இறங்குவேன். முன்னால் வண்டிகள் தேங்கி நின்றால் சற்று இடைவெளி விட்டு நின்று, ஹேசர்ட் லைட்டைப் போட்டு, பின்னால் இன்னும் இரண்டு வண்டிகள் வந்து நிற்கும்வரை கண்ணாடியிலிருந்து கண்ணை எடுப்பதில்லை.